பதிவேட்டைத் தொலைத்தது யார்?

"ஐயா, நாலுன்னா செத்தவங்களா, அஞ்சுன்னா செத்தவங்களா? உங்களுக்கு ஏதும் ஞாபகம் இருக்குங்களா?"

கொஸ்லந்தையிலிருந்து தொலைபேசியில் வந்த கேள்வி இது. கேட்டவர் நான் பல ஆண்டுகளாக அறிந்த தோட்டத்து இளைஞர். முப்பதாண்டுகளுக்கு மேல் செய்தித்தாள்களில் காலம் தள்ளியவன் நான். எத்தனையோ கேள்விகளைக் கேட்டிருக்கிறேன், எதிர்கொண்டுமிருக்கிறேன். இதைப் போல் ஒன்று என்னை நிலைகுலைய வைத்ததில்லை.

விடயம் இதுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மண்ணுக்குள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த அவமானத்தைக் கண்ட சில இளைஞர்கள், "இனிமேல் நம் ஆட்களின் கணக்கு நம் கையிலேயே இருக்கட்டும்" என்று தீர்மானித்து, சுற்றுவட்டத் தோட்டங்களில் லயம் லயமாக ஏறி இறங்கி ஒரு குடும்பப் பதிவேட்டை உருவாக்கினார்கள். முதலில் கொப்பிகளில் எழுதினார்கள். பின்னர் யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த பழைய கணினியில் ஒரு தரவுத்தளம் அமைத்து அதில் ஏற்றினார்கள். சம்பளமில்லை, நிதியுதவியில்லை, அலுவலகமில்லை. ஆண்டுக்கொரு முறை மீண்டும் லயம் ஏறித் திருத்தி வந்தார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுகளால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அந்தப் பதிவேடு எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்தத் தேவை வந்த நேரத்தில் கணினி எழும்பவில்லை. மழை ஓய்ந்ததும் பக்கத்து நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரப் பையன் நல்லவன். "எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும், முக்கியமானதைச் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறேன்" என்று கேட்டிருக்கிறான். இவர்கள் பதிவேட்டின் பெயரைச் சொன்னார்கள். அவன் தேடிப் பார்த்து, அந்தப் பெயரில் இருந்த கோப்புறையைப் பத்திரமாகப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் துடைத்தான்.

புதிதாக மென்பொருளை நிறுவி, எடுத்து வைத்த கோப்புறையை அதன் இடத்தில் போட்டுத் திறந்தார்கள். அட்டவணைகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைத் தொட்டதும், "இப்படி ஓர் அட்டவணையே இல்லை" என்றது கணினி. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. அதன் கனம் தெரிகிறது. ஆனாலும் இல்லையாம்!

என்னைப் போன்ற கலைப் பட்டதாரிகளுக்காக, எனக்கு விளக்கப்பட்ட விதத்திலேயே சொல்கிறேன். அவர்கள் பயன்படுத்தியது எக்ஸாம்ப் தொகுப்போடு இலவசமாகக் கிடைக்கும் மரியாடிபி. அதில் ஒவ்வோர் அட்டவணைக்கும் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஐபிடி என்று முடியும் கோப்பில் தரவுகள் இருக்கும். எஃப்ஆர்எம் என்று முடியும் கோப்பில், எந்த நிரலில் பெயர், எந்த நிரலில் பிறந்த திகதி என்ற கட்டமைப்பு இருக்கும். இவை இரண்டும் பதிவேட்டின் பெயர் கொண்ட கோப்புறைக்குள் கிடக்கும். ஆனால் எந்தக் கோப்பு எந்த அட்டவணைக்கு உரியது என்ற பெருங்கணக்கு, கோப்புறைக்கு வெளியே ஐபிடேட்டா1 என்ற தனிக் கோப்பில் இருக்கிறது. கடைக்காரப் பையன் அதை எடுக்கவில்லை. அதன் பெயரில் கொஸ்லந்தை என்ற சொல் இல்லையே, அவன் எப்படி அறிவான்?

தோட்டத்துப் பேச்சில் சொன்னால், கொழுந்துச் சாக்குகள் அத்தனையும் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டன. செக்ரோல் புத்தகம் மட்டும் வரவில்லை. எந்தச் சாக்கு யாருடையது, யாருக்குப் பேர் போடுவது என்று கேட்டால் பதில் இல்லை. தரவுகளைப் பற்றிய தரவு என்கிறார்களே, மெட்டாடேட்டா, அது வேறொன்றுமில்லை. செக்ரோல்தான்.

கொழும்பில் பணிபுரியும் தோட்டத்துப் பிள்ளையொருவர், இரண்டு இரவுகள் கண்விழித்து மீட்டார். பழைய கணினியில் இருந்த அதே பதிப்பை நிறுவினார். எஃப்ஆர்எம் கோப்புகளிலிருந்து கட்டமைப்பைப் படித்து, அதே அமைப்பில் வெற்று அட்டவணைகளை உருவாக்கினார். ஒவ்வொரு வெற்று அட்டவணையிடமும் அதன் புதிய சேமிப்புக் கோப்பைக் கைவிடச் சொன்னார். அதற்கு 'டிஸ்கார்ட் டேபிள்ஸ்பேஸ்' என்று பெயர். அந்த இடத்தில் பழைய ஐபிடி கோப்பை வைத்து, 'இம்போர்ட் டேபிள்ஸ்பேஸ்' என்று கட்டளையிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக அட்டவணைகள் உயிர்பெற்றன. இதையெல்லாம் அவர் மூலக் கோப்புகளில் செய்யவில்லை, அவற்றின் பிரதியில் செய்தார். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ஐபிடேட்டா1 உட்பட முழுத் தரவுக் கோப்புறையும் கையில் இருந்திருந்தால், அதே பதிப்பை நிறுவி, சேவையகத்தை நிறுத்தி, கோப்புறையை அப்படியே மாற்றி வைத்திருக்கலாம். அரைமணி நேர வேலை.

பெயர்கள் வந்துவிட்டன. எல்லோரும் மகிழ்ந்தார்கள். அப்போதுதான் 'நிலை' என்றொரு நிரல் கண்ணில் பட்டது. அதில் 1, 2, 3, 4, 5 என்று எண்கள் மட்டும் இருந்தன. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற பட்டியல் தரவுத்தளத்தில் இல்லை. பதிவேட்டைத் திரையில் காட்டும் நிரலுக்குள் அது எழுதப்பட்டிருந்தது. நிரல் வேறொரு கோப்புறையில் இருந்தது. அதையும் யாரும் எடுத்து வைக்கவில்லை. நன்கறிந்த ஒருவரின் பெயரைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? பார்த்தார்கள். காலமான ஒரு தாத்தாவுக்கு 4 என்று இருந்தது. ஆகவே நான்கு என்றால் இறந்தவர். அடுத்த பக்கத்தில், வத்தளையில் வீட்டு வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் அத்தைக்கும் 4! இடையில் எப்போதோ புதிதாக ஒரு வகையைச் சேர்த்து எண்களின் பொருளை மாற்றியிருக்கிறார்கள். எப்போது மாற்றினார்கள் என்பது நிரலுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. தோட்டத்தை விட்டுப் போனவரையும் உலகத்தை விட்டுப் போனவரையும் பிரித்துக் காட்டும் ஒரே வரி அழிந்துவிட்டது.

அதனால்தான் எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு. எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகத்தை நம்பக் கூடாது என்பதற்காகத்தானே பதிவேடு!

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "படிக்காத பையன்கள் கணினியைக் கையாண்டால் இப்படித்தான்" என்று உதடு பிதுக்குவோர் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பதிவேட்டைத் தொலைப்பதில் இந்நாட்டில் இந்த இளைஞர்கள் கற்றுக்குட்டிகள். கைதேர்ந்தவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள்.

2023இல் இலங்கை அரச முகில் சேவை மீது கப்பம் கோரும் தீம்பொருள் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயே போயின. காரணம் என்ன? அந்தக் காலப்பகுதிக்கு, வலையமைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை. மின்னஞ்சல் மென்பொருளோ பத்தாண்டு பழையது. கோடிகள் புழங்கும் ஓர் அரசு செய்த தவறும், அன்பளிப்புக் கணினி வைத்திருந்த இளைஞர்கள் செய்த தவறும் ஒன்றேதான்.

நம் நாடு ஏழை நாடு என்று சமாதானம் சொல்ல வேண்டாம். தென்கொரியாவை விடவா கணினியில் தேர்ந்த நாடு வேண்டும்? 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி அங்கு டேஜோன் நகரின் தேசியத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ், 858 டெராபைட் தரவுகளோடு எரிந்தது. அளவு பெரிது என்பதால் வெளியிடத்துப் பிரதி வைக்கப்படவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். பெரிதாக இருந்ததனால் பிரதி எடுக்கவில்லையாம். பிள்ளைகள் அதிகம் என்பதால் தடுப்பூசி போடவில்லை என்பதைப் போல!

இவையெல்லாம் 'விபத்து' என்று எழுதப்பட்டன. விசாரணை, வருத்தம், அறிக்கை என்று முடிந்தன. சரி, விபத்தென்றே வைத்துக்கொள்வோம். என் கேள்வி வேறு. தன் பதிவேட்டைத் தொலைத்தால் விபத்து என்று கூறும் அரசு, அதே பதிவேட்டைக் காட்ட முடியாத தோட்டத் தொழிலாளிக்கு என்ன பெயர் வைத்தது? நாடற்றவர் என்று பெயர் வைத்தது.

மலையகத்தின் வரலாறே காகிதத்தின் வரலாறு. 'துண்டு' என்றொரு காகிதம் இருந்தது. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது. மனிதர்கள் அந்தத் துண்டோடு தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினார்கள். 1921இல் அது ஒழிக்கப்பட்டது. கடனைக் காட்டும் காகிதம் போயிற்று; உரிமையைக் காட்டும் காகிதம் வரவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், உன் தந்தை இங்கே பிறந்தார் என்பதை நிரூபி என்றது. ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் குடியுரிமையை இழந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, மணமானவர் ஏழாண்டுகளும் மணமாகாதவர் பத்தாண்டுகளும் இங்கு தொடர்ச்சியாக வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தவர்கள் ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை.

எங்கே இருந்தது நிரூபணம்? தொழிலாளியின் தகரப் பெட்டியிலா? அவர் உழைத்த ஒவ்வொரு நாளும் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. பிள்ளை பிறந்ததும் பெற்றோர் இறந்ததும் தோட்டத்துப் புத்தகங்களில் இருந்தன. பதிவேடு ஒருவர் கையில். அதைக் காட்ட வேண்டிய கடமை மற்றவர் தலையில். பிரதி கேட்டால் கிளாக்கரின் மனநிலையைப் பொறுத்தது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கிட்டபோதும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டபோதும், பேசப்பட்டவை எண்களே. யார் எந்தக் கணக்கில் என்பதைக் காகிதம் தீர்மானித்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்தக் கதை முடியவில்லை.

முடிந்ததா? மீரியபெத்தைக்கு வாருங்கள். அன்று நான் செய்தியாளனாக அங்கு நின்றேன். முதலில் முந்நூறு பேர் வரை என்றார்கள். பின்னர் 192 பேரைக் காணவில்லை என்றார்கள். பிறகு நூறுக்கும் குறைவு என்றார்கள். கடைசியில் உத்தியோகபூர்வ எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழே வந்து நின்றது. மண்ணுக்குள்ளிருந்து யாரும் எழுந்து வந்து எண்ணிக்கை குறையவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள், வேலைக்குப் போயிருந்த பெற்றோர், கொழும்பில் இருந்தவர்கள் என்று ஒவ்வொருவராகக் கழித்துக் கழித்து வந்த எண் அது. அப்பகுதிப் பதிவேடுகளும் மண்ணோடு போய்விட்டன என்று அதிகாரிகள் சொன்னார்கள். மலைக்குக் கீழே வாழ்ந்தவர்களின் பட்டியலை அதே மலைக்குக் கீழேயே, ஒரே ஒரு பிரதியாக வைத்திருந்தால் வேறென்ன ஆகும்? அந்த மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலேயே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை எந்தக் கோப்பில் உறங்கியது, யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதும் சரிவுக்குப் பின்னர் ஒரு சர்ச்சையாயிற்று. தொலைந்த காகிதங்களின் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்றும் பெரும்பாலான லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்கு வருகிறது. அங்கிருந்து வந்தால் உண்டு. கணினிக்காரர் மொழியில் சொன்னால், மனிதர் இருக்கிறார், அவரைச் சென்றடையும் சுட்டி இல்லை. "இப்படி ஓர் அட்டவணையே இல்லை" என்று கணினி சொன்னதைக் கேட்டு வெகுண்டவர்களே, இரு நூற்றாண்டுகளாக ஒரு சமூகத்தைப் பார்த்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை ஒதுக்கிவிட எனக்கு உரிமையில்லை. பட்டியல் எப்போதும் காப்பாற்றும் என்பதில்லை; கொல்லவும் செய்யும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்கள் வாக்காளர் பட்டியல்களோடு வந்தார்கள். "யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதி வைப்பதும், அதற்குப் பல பிரதிகள் எடுப்பதும் ஆபத்தல்லவா?" என்று ஒரு மூத்த நண்பர் கேட்டார். நியாயமான அச்சம். ஆனால் அந்தப் பட்டியல் எங்கிருந்தது என்று யோசியுங்கள். அதிகாரத்தின் கையில் எப்போதும் ஒரு பிரதி இருக்கவே செய்கிறது. இல்லாமல் போவது மக்களின் பிரதிதான். ஆகவே முழுப் பட்டியலையும் ஊரெங்கும் பரப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் பக்கத்தைத் தன்னிடம் வைத்திருக்கட்டும் என்கிறேன்.

இந்திய உதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்தை முன்னெடுக்கிறோம் என்று அரசு பேசி வருகிறது. வரட்டும், நான் அதற்கு எதிரியல்லன். அதற்கு முன் மூன்று விடயங்களை எழுத்தில் தாருங்கள்.

முதலாவது, பதிவாகும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் பதிவின் அச்சுப் பிரதி தமிழில் கொடுக்கப்பட வேண்டும். எண்கள் மட்டும் போதாது. எந்த எண்ணுக்கு என்ன பொருள், எந்தத் திகதியிலிருந்து அந்தப் பொருள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பதிவேட்டின் பிரதிகளில் ஒன்றாவது வலையமைப்புக்கு வெளியேயும், ஒன்றாவது அந்த மலைக்கு வெளியேயும் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, எதுவுமில்லாத புதிய கணினியொன்றில் மென்பொருளை நிறுவி, பிரதியிலிருந்து அனைத்தையும் மீட்டுக் காட்ட வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி பிரதியல்ல, அது நம்பிக்கை. நம்பிக்கையைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம், பிரதேச செயலகத்தில் வேண்டாம்.

மூன்றாவது, இதுவே தலையாயது. பதிவேட்டைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர் அதைத் தொலைத்தால், நிரூபிக்கும் பாரம் அவர் தலையில் விழ வேண்டும். "கணினி பழுதாகிவிட்டது, நீங்கள் போய்ச் சான்றிதழ் கொண்டு வாருங்கள்" என்று கிழவியைக் கொஸ்லந்தைக்கும் ஹல்துமுல்லைக்கும் பதுளைக்கும் பஸ் ஏற்றி அலைக்கழிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தொலைத்தவன் தேடட்டும்.

இது தொழில்நுட்பக் காரியம், பத்திரிகைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போருக்கு ஒரு சொல். ஐபிடேட்டா1 கோப்பை எங்கே வைப்பது என்பது தொழில்நுட்பம். ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கான சாட்சி யார் கையில் இருக்க வேண்டும் என்பது அரசியல்.

கொஸ்லந்தைப் பதிவேட்டின் கதைக்கு முடிவு சொல்ல வேண்டுமல்லவா? தொடக்க நாட்களில் அவர்களோடு லயம் ஏறிய ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஈரவாடை வீசும் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக் கொடுத்தார். உள்ளட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: 2017 தை மாதம் வரை நான்கு என்றால் காலமானவர், அதற்குப் பிறகு நான்கு என்றால் வெளியூர் போனவர், காலமானவர் ஐந்து.

"தம்பி, கம்பியூட்டர்ல ஏத்திட்டோம், இனி இது எதுக்குன்னு பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்பேன். அந்தப் புள்ளைங்க கையெழுத்து அழகா இருந்திச்சு, மனசு வரல" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னார் அந்த அம்மா.

அந்த இளைஞர்கள் இப்போது மூன்று பிரதி வைத்திருக்கிறார்கள். உள்ளட்டையின் அந்த வரிகளை ஒவ்வொரு பிரதியோடும் தட்டச்சுச் செய்து சேர்த்திருக்கிறார்கள். வத்தளை அத்தை பதிவேட்டில் உயிரோடு இருக்கிறார்.